துவைத்துக் கொடுத்த பட்டை

பாறை ஏறுகிறவர்கள் கரட்டில் கண்டெடுத்த சாமான்களை இப்போது போட்டோ பிடித்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிடுகிறார்களாம். உடையவர் படத்தைப் பார்த்து என்னுடையது என்று பதில் போட்டால் கூரியரில் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. எடுத்தவர் முகத்தை இழந்தவர் பார்க்க வேண்டியதில்லை. போன வாரம் மஞ்சு வந்து இதைச் சொன்னாள். திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற பெண். சனி, ஞாயிறு வந்தால் பாறை ஏற வந்துவிடுவாள்.

"நீங்க சாமான் ரூம்புல இருந்தப்ப எப்படி நடந்துச்சுன்னு நம்ம சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க்கா. புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணுமே தெரியறதில்லீங்க."

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும் கண்ணு."

"கூட்டியே எழுதுங்க. இப்ப என்ன அவசரம்?"

அவசரமில்லைதான். வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஏழு வருடம் அந்தச் சாமான் அறையில் இருந்தேன். ஒரு கொக்கிகூட என் கணக்கில் காணாமல் போனதில்லை. இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் பனியன் கம்பெனி. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கை மடிக்கப் போய், பிசிர் வெட்டப் போய், கடைசியில் செக்கிங்கில் கறை எடுக்கிற மேசைக்கு வந்து அங்கேயே பதினைந்து வருடம் நின்றேன். எண்ணெய்க் கறைக்கு ஒன்று, டீக் கறைக்கு ஒன்று, துருவுக்கு ஒன்று. கறையைப் பார்த்ததும் அது எந்த மெஷினில் பட்டது என்றுகூடச் சொல்லுவேன். மற்றவர்கள் தள்ளிவைத்த பீஸ் எல்லாம் என் மேசைக்கு வரும். வெள்ளையாகத் திரும்பிப் போகும். ஆசிட் பட்டுப் பட்டு விரல் நகம் சொத்தையாகி, தோல் உரிய ஆரம்பித்ததால் விட்டேன். இல்லாவிட்டால் விட்டிருக்க மாட்டேன்.

எங்கள் ஊர் அவிநாசிக்கு வடக்கே. ஊர்க்கோடியில் கரடு, மொட்டைப் பாறை. கிழக்கேயும் மேற்கேயும் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். பின்பக்கம் மட்டும் சரிவு. அதில் ஆடு போகிற தடம் ஒன்று உச்சி வரைக்கும் போகும். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும், கரட்டடியில் ஓடாமல் கிடந்த தறிக் குடோனைப் பாறை ஏறுகிற சங்கத்தார் வாடகைக்கு எடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி, வாத்தியார் மாதிரி இருந்தவர் சேவியர் சார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். பிழைக்க வந்து நிட்டிங் மெஷின் மெக்கானிக்காக இருந்தார். முதல் நாள் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேட்டு வந்தார். சட்டையில் துருக் கறை. எனக்குக் கண் அங்கேயேதான் நின்றது. அடுத்த ஞாயிறு கழற்றி வாங்கி, எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எக்கா, உங்களுக்கு இந்தப் பொறுமை இருக்குன்னா சாமான் ரூமையும் நீங்களே பாத்துக்கிடலாமே" என்றார். வேலை அப்படிக் கிடைத்தது.

வேலை என்னவென்றால், கயிறு, கொக்கி, பட்டை எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி வைப்பது. கொக்கி என்று நான் சொல்வது கதவு மாதிரித் திறந்து மூடுகிற அலுமினிய வளையம். பட்டை என்பது விரல் அகல நைலான் நாடாவை வளையமாகச் சேர்த்துத் தைத்தது. ஏறுகிறவர் மேலே போனதும் பாறையில் அடித்த இரும்பு வளையத்தில் அந்தப் பட்டையைக் கோத்து, அதில் கொக்கியை மாட்டி, அதில் கயிற்றை விட்டு, மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்து இறங்கி வருவார். ஒரு ஆளின் உயிர் அந்த விரலகல நாடாவில் நிற்கும்.

"ஏனுங் சார், பின்னால ஆட்டுத் தடம் இருக்குதில்லீங்க? அதுல போனா ஆகாதுங்களா?" என்று முதல் வாரமே கேட்டேன்.

"அதுல போனா மேல போய்ச் சேந்துருவோம்லா, அக்கா" என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த முதல் வாரத்தில் நான் செய்த காரியம் ஒன்று. பாறையடியில் ஏழெட்டு ஜோடி நல்ல செருப்பு, ஷூ எல்லாம் அனாதையாகக் கிடந்தன. யார் விட்டுப் போனார்களோ என்று பொறுக்கி எடுத்துவந்து அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டேன். ஏறுவதற்கென்று தனிச் செருப்பு உண்டு, வழக்கமானதைக் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வெயிலில் அத்தனை பேரும் வெறுங்காலோடு குதித்துக் குதித்து எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மஞ்சு உட்காரவைத்து விளக்கினாள்.

"பாருங்க்கா. கரட்டுல ஒரு சாமான் கெடந்தா மூணு வகைங்க. மேல வளையத்துல மாட்டி விட்டிருந்தா அது வேணும்னே விட்டது. பொறகு வர்றவங்க எறங்கறதுக்கு. அதத் தொடவே கூடாதுங்க."

"செரி."

"கீழ விழுந்து கெடந்தா தொலைஞ்சது. கொண்டாந்து மேசை மேல வெச்சு, உடையவங்களக் கண்டுபுடிச்சுக் குடுத்தரணும்."

"இது நாயம்."

"பாறைச் சந்துல சிக்கிக்கிட்டு, போட்டவங்களுக்கே எடுக்க முடியாம விட்டுப்போட்டு வந்திருந்தா, அத யாரு எடுக்கறாங்களோ அவங்களுக்கே சொந்தமுங்க."

"அதெப்படிக் கண்ணு? உன்ற பை பஸ்சுல சீட்டுக்கடியில சிக்கிக்கிச்சு. நான் இழுத்து எடுத்தா எனக்கா?"

"இல்லீங்க்கா, அது வேற…"

"என்ன வேற?"

மஞ்சு யோசித்தாள். "ஆனா நல்ல மனுசங்களா இருந்தா அதையும் கேட்டுக் குடுத்துருவாங்க" என்றாள்.

சொந்தமும் ஆகும், திருப்பியும் தர வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் எது கிடைத்தாலும் மேசைக்கு வரட்டும், சார் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மேசையில் சார் உட்காருகிற முறையைச் சொல்ல வேண்டும். கண்டெடுத்ததை யாரும் உடையவர் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது. மேசையில் வைக்க வேண்டும். சார் உடனே தொட மாட்டார். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வைத்தவர் முகத்தைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்பார். "எங்க கெடந்துச்சு? மேலேருந்து விழுந்ததா?" குரல் உயராது. பதில் வந்த பிறகுதான் கையில் எடுப்பார். கொக்கியாக இருந்தால் கதவைப் பத்துத் தடவையாவது திறந்து மூடி, காதருகே வைத்துக் கேட்பார். உயரத்திலிருந்து விழுந்தது என்று தெரிந்தால் அரத்தால் குறுக்கே ஒரு கோடு போட்டு, உடையவரிடம் கொடுப்பார். கோடு போட்டால் அது இனிச் சாவி மாட்டத்தான் ஆகும்.

"நல்லாத்தானே இருக்குது சார்" என்பேன்.

"உள்ள கீறியிருக்கலாம்க்கா. வெளிய தெரியாது."

கண்ணுக்குத் தெரியாத கீறல். சரி, இரும்பு சமாச்சாரம் அவருக்குத்தான் தெரியும். துணி சமாச்சாரம் என்னுடையது. அப்படித்தான் மனதில் பிரித்து வைத்திருந்தேன்.

அடுத்த வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கழுவாமல் கொடுப்போமா? ஒருவருடைய பொருள் நம் கையில் இருந்துவிட்டு அழுக்காகத் திரும்பிப் போனால் அசிங்கம் நமக்குத்தான். குணசேகரன் என்றொருவர் திருப்பூர் ராயபுரத்திலிருந்து வருவார். எலாஸ்டிக் வியாபாரம். நாற்பது வயதுக்கு மேல் ஏறக் கற்றுக்கொண்டவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். அவருடைய பட்டை ஒன்று தொலைந்து ஆறு மாதம் கழித்து முள்ளுச் செடிக்குள் எனக்குக் கிடைத்தது. வெள்ளைப் பட்டை, ஓரத்தில் சிவப்புக் கோடு. ஆனால் வெள்ளை எங்கே இருந்தது? துருவும் பாசியும் பறவை எச்சமும்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் தம்பி சென்னியப்பன் மங்கலத்தில் சலவைப் பட்டறையில் இருந்தான். அவனிடம் ஆசிட் வாங்கினேன். முதலில் பிளீச்சிங் தண்ணீரில் ஒரு முழு நாள் ஊறவைத்து நன்றாக அலசினேன். பிறகு ஆசிட் தண்ணீரில் அடுத்த நாள் முழுக்க. திரும்ப அலசி, சோப்புப் போட்டு, கடைசியில் துளி நீலம். நிழலில் காயப்போட்டேன். கம்பெனியில் இந்தப் பக்குவத்துக்கு அசையாத கறையே கிடையாது.

அந்த ஞாயிறு சார் ஊருக்குப் போயிருந்ததால் நானே நேராகக் கொடுத்தேன். குணசேகரன் பட்டையைக் கையில் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஏனுங்க்கா, கடையில வாங்குனப்பக்கூட இப்படி இல்லீங்களே! இனி நான் ஏதாச்சும் தொலைச்சா அழுக மாட்டேன். ராமாத்தாக்கா கையில கெடைக்கோணும்னு வேண்டிக்குவேன்."

எல்லோருக்கும் காட்டினார். நானும் நின்று பார்த்தேன். பனியன் கம்பெனியில் ஒருநாளும் யாரும் என்னைக் கூப்பிட்டு இப்படிச் சொன்னதில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மஞ்சுவின் பட்டை கிடைத்தது. மழையில் கிடந்து மண்ணேறிப் போயிருந்தது. அதே பக்குவம் பார்த்தேன். சனிக்கிழமை சாயந்தரம் மேசையில் வைத்தேன். சார் இருந்தார். டீயைக் குடித்து முடித்தார்.

"எங்க கெடந்துச்சு?"

"கிழக்கால, ஓடைக்குள்ளீங்க."

"மேலேருந்து விழுந்ததா?"

"விழுந்தா என்னுங் சார், துணிதானே."

எடுத்தார். விரலில் சுற்றினார். நகத்தால் கீறினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"எக்கா, இது எப்படி இம்புட்டு வெள்ளையாச்சு?"

பாராட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன். பிளீச்சிங் எவ்வளவு, ஆசிட் எத்தனை மூடி என்று ஒன்று விடாமல் சொன்னேன். நீலம் போட்டதைக்கூடச் சொன்னேன். சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள், எல்லாம் புதிதாக வந்தவர்கள்; குணசேகரன் அன்று இல்லை. சார் மேசை டிராயரைத் திறந்து கத்தரியை எடுத்து, பட்டையை இரட்டையாகப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டி இரண்டாக்கி மேசையில் வைத்தார்.



"நான் திருடிக்கிட்டு வரலீங்களே சார்" என்றேன்.

"பருத்தி தாங்கும்க்கா. இது நைலான். ஆசிட் இதைத் தின்னுரும். வெளிய பாக்க அப்படியே இருக்கும்."

"பாக்க நல்லா இருந்தா நல்லாத்தானுங் இருக்கும். பதினஞ்சு வருசம் துணியத்தான் பாத்தேன்."

"சரிக்கா" என்றார். அவ்வளவுதான். அவர் வழக்கம் அது. ஒருமுறை சொல்லுவார், வாதாட மாட்டார். மஞ்சு என் தோளைத் தொட வந்தாள். நான் வெட்டின துண்டில் நீளமானதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாவியைக்கூட ஆணியில் மாட்டவில்லை, மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணி இருக்கும். வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். குணசேகரனும் கூட்டாளிகளும் மேற்குப் பாறைக்கு எங்கள் வீட்டு வழியாகப் போனார்கள். "இன்னிக்கு முடிச்சறேனுங்க்கா!" என்று கையை ஆட்டினார். மேற்கில் சுவரோடு ஏறுகிற தடம் ஒன்று இருந்தது. ஒரு வருடமாக அவருக்குப் பாதியிலேயே கை விட்டுக்கொண்டிருந்தது. நான் கூட்டி முடித்து, மாடு கட்டுகிற சாளைக்குப் போனேன். சார் சொன்னது பொய் என்று காட்ட வேண்டும். அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. பட்டைத் துண்டை உத்தரத்தில் போட்டு இரண்டு முனையையும் கையில் சுற்றிக்கொண்டேன். என்னைத் தாங்கினால் போதாதா? நான் என்ன யானையா? காலைத் தூக்கினேன்.

ஒரு மூச்சு விடுகிற நேரம் தாங்கியது. பிறகு நான் சாணியில் உட்கார்ந்திருந்தேன்.

துணி கிழிந்தால் சத்தம் வரும். இதற்குச் சத்தமே இல்லை. அறுந்த முனையைத் தேய்த்துப் பார்த்தேன்; மாவு மாதிரி விரலில் ஒட்டியது. இடுப்பு வலி அப்புறம்தான் வந்தது. அதற்கும் அப்புறம்தான் குணசேகரன் கையை ஆட்டிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது.

சார் கிழக்குப் பாறையில் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய்ச் சொல்லி, அவர் சுற்றி வருவதற்குள் என்ன ஆகுமோ. நேராக மேற்கே ஓடினேன். ஓடினேன் என்றா சொல்வது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்தேன், எழுந்து மறுபடி ஓடினேன். வழியெல்லாம் ஒரே குழப்பம். போட்டிருக்க மாட்டார். அதைப் பத்திரமாக வீட்டில் வைத்திருப்பார். இல்லை, அவ்வளவு பெருமையாகக் காட்டினவர் அதைத்தான் போடுவார். போட்டிருந்தால்கூடப் பழைய பட்டை ஒன்று சேர்த்துப் போட்டிருப்பார். சார் எப்போதும் இரண்டு போடச் சொல்லுவார். ஆனால் குணசேகரன் ஒன்று போதும் என்கிற ஆள்.

கீழே கூட்டாளி ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க்கா, எவனாச்சும் தொரத்தறானா?"

"மேல எந்தப் பட்டையப் போட்டிருக்காருங்?"

"நீங்க துவைச்சதுதானுங்க. அட, இங்கிருந்தே பளிச்சுனு தெரியுது பாருங்க. ஆளு இன்னிக்குத் தடத்த முடிச்சுப்போட்டாரு!"

நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பனை உயரத்தில் ஒரு சின்ன விளிம்பில் குணசேகரன் நின்றிருந்தார். அவர் தலைக்கு மேல் வளையத்தில் வெள்ளையாக ஒரு கோடு. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாயப் போனார்.

பாறையில் இருக்கிறவரோடு கதை பேசக் கூடாது என்பது சார் வைத்த சட்டம். குறிப்பிட்ட சில வார்த்தைகள்தான் கத்தலாம். அதில் ஒன்று, மேலிருந்து கல் உருண்டால் கத்துவது. அதைக் கேட்டால் யாராக இருந்தாலும் அப்படியே பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"கல்லு!" என்று கத்தினேன். "கல்லு! கல்லு!"

குணசேகரன் கயிற்றை விட்டுவிட்டுப் பல்லி மாதிரி பாறையில் ஒட்டினார். கீழே நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமே விழவில்லை.

"எங்கீங்க்கா கல்லு?" மேலிருந்து குரல்.

"கல்லு இல்லீங் சாமி. பட்டை. அந்தப் பட்டைய நம்பாதீங்க. நான் அதக் கெடுத்துப்போட்டேன்."

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

"கெடுத்துப்போட்டீங்களா? கல்யாணப் பொண்ணாட்டம் ஆக்கிக் குடுத்துப்போட்டு இப்ப வந்து கெடுத்தேங்கறீங்க? சார் திட்டிப்போட்டாருங்களா?"

முந்தானையிலிருந்து அறுந்த துண்டை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். "இது மஞ்சுவோடது. ரெண்டுக்கும் ஒரே பக்குவந்தானுங் பாத்தேன். காலைல இதுல தொங்கிப் பாத்தேன். அந்துபோச்சு."

"நீங்க தொங்குனீங்களா?"

"தொங்கினேனுங். சாணியில விழுந்தேனுங்."

கீழே இருந்தவர் சிரித்துவிட்டார். குணசேகரன் சிரிக்கவில்லை. வெகு நேரம் தலைக்கு மேல் இருந்த அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, நாலடி மேலே தவழ்ந்து உச்சிக்கு ஏறி, பின்பக்கம் ஆட்டுத் தடத்தில் இறங்கி வந்தார்.

கல்லு என்ற சத்தம் கேட்டு சாரும் வந்து சேர்ந்தார். முதலில் என்னிடம்தான் வந்தார். "கல்லு விழாம அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுக்கா. நாளைக்கு நெசமா விழுந்தா எவனும் நம்ப மாட்டான். இன்னைக்கு மட்டும் விட்டுருதேன்" என்றார். அப்புறம்தான் என்ன நடந்தது என்று கேட்டார்.

பட்டையை ஒரு வேப்ப மரத்தில் கட்டி, மறுபக்கம் கயிறு போட்டு இரண்டு பேர் இழுத்தார்கள். அறவில்லை. மூன்று பேர் இழுத்தார்கள். அறவில்லை. குணசேகரனே போய் நாலாவது ஆளாக நின்று, காலைப் பாறையில் உதைத்து இழுத்தார். வேப்பமரம்தான் ஆடியது.

"பாத்தீங்களா?" என்றார் குணசேகரன். முகம் சிவந்திருந்தது. "ஒரு வருசமுங்க. ஒரு வருசமா ஏறி, இன்னிக்குத்தான் முடிச்சேன். கயித்துல எறங்கி வந்து நிக்கோணும்னு இருந்தேன். ஆட்டோட ஆடா எறக்கி வுட்டுட்டீங்க."

காலையில் என் கையில் மாவாக ஒட்டியதற்கும் இதே தண்ணீர், இதே ஆசிட்தான். இது மட்டும் எப்படி நிற்கிறது? நான் காப்பாற்றினேனா, நல்ல மனுஷருடைய நல்ல நாளைக் கெடுத்தேனா? சாரைப் பார்த்தேன்.

"தெரியலக்கா" என்றார் சார். "வேற கம்பெனிப் பட்டையா இருக்கலாம். நூலு வேறயா இருக்கலாம். உங்க தண்ணி அன்னைக்குக் கொஞ்சம் இளசா இருந்திருக்கலாம். நாளைக்கு அறுமா, அடுத்த வருசம் அறுமா, எனக்குத் தெரியாது." சொல்லிக்கொண்டே பையிலிருந்து கத்தரியை எடுத்தார்.

"நாலு பேரு இழுத்து அறாததையா வெட்டறீங்க?"

"தெரியாததத்தான் வெட்டுதேன், குணா."

குணசேகரன் இரண்டு துண்டையும் எடுக்காமல் போய்விட்டார். அந்த வருடம் அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

நான் அடுத்த சனிக்கிழமை போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். சார் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று சாவியை நீட்டினார். "இனிமே மேசையில மூணு கேள்விக்கா. மூணாவத நீங்கதான் கேக்கணும். கையில வந்த பொறவு என்ன செஞ்சீங்கன்னு."

தண்டனை என்றுதான் நினைத்தேன். வாயைத் திறக்கும்போதெல்லாம் என் தப்பை நானே படிக்கிற மாதிரி இருக்கும். சிலர் உதட்டுக்குள் சிரிப்பார்கள், எனக்குத் தெரியும். ஆனால் கேட்கக் கேட்கத்தான் என்னென்ன செய்கிறார்கள் என்று தெரிந்தது. கொக்கி கதவு இறுக்கமாக இருக்கிறதென்று தையல் மெஷின் எண்ணெய் ஊற்றினவர் உண்டு. கயிற்றை வெந்நீரில் போட்டவர் உண்டு. பட்டைக்கு இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவந்தது ஒரு பெண். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். யாரையும் நான் திட்டவில்லை. வாங்கி சார் பக்கம் நகர்த்தி வைப்பேன். இப்போது கம்ப்யூட்டரில் இதை யார் கேட்கிறார்கள் என்று மஞ்சுவிடம் கேட்டேன்.

அடுத்த பங்குனியில் ஒரு ஞாயிறு. சார் வெளியே யாருக்கோ முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மேசையில் தனியாக இருந்தேன். குணசேகரன் உள்ளே வந்தார். நலம் விசாரிக்கவில்லை. பூவரச இலையில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்த ஒரு கொக்கியை மேசை நடுவில் இறக்கினார்.

"எங்க கெடந்துச்சுங்க?" என்றேன்.

"மேக்கால, கத்தாழைக்குள்ளீங்க."

"மேலேருந்து விழுந்ததுங்களா?"

"பாக்கலீங்க. தெரியாது."

மூன்றாவதை அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கேளுங்க்கா" என்றார்.

"என்னத்தையுங்?"

"மூணாவதா ஒண்ணு கேக்கறீங்களாமே, அதையும் கேளுங்க. கேக்காம வுட்டா நான் எப்படிப் பதில் சொல்றது?"

"கையில வந்த பொறகு என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலீங்க. தொடைக்கல. ஊதிக்கூடப் பாக்கல. கைகூடப் படாம இலையில வெச்சு எடுத்தாந்தேன்."

குனிந்து பார்த்தேன். கொக்கி முழுக்கச் செம்மண். கதவுச் சந்தில் ஒரு குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. அது அப்படியே உடையாமல் இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, சார் வரட்டும் என்று காத்திருந்தார். கொக்கியைத் துடைக்க என் கை தானாக முந்தானையைத் தேடிப் போனது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.